முதல் துளைக்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி
ஒன்ராறியோவின் ‘நெருப்பு வளையம்’: கல்லும் கந்தகமும் சம்மதமும்

(எமது வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



‘நெருப்பு வளையம்’ எண்ட பெயரை ஒன்ராறியோவில் இருக்கிற எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்கள். தேர்தல் வந்தால் கேட்கும். அமெரிக்காவோட வரிச்சண்டை வந்தால் கேட்கும். மின்சாரக் கார், பற்றரி எண்டு கதை தொடங்கினாலும் கேட்கும். ஆனால் அங்கே நிலத்துக்குக் கீழே என்ன இருக்கு, அது எப்படி அங்கே வந்தது, யார் எப்படித் தேடினவை எண்டு கேட்டால் எங்களில் கனபேர் யோசிக்கத்தான் வேணும். இண்டைக்கு அதைக் கொஞ்சம் விபரமாகப் பார்ப்பம்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒரு விசயத்தைத்தான். ஒரு சுரங்கம் வருமா வராதா என்ற தீர்மானத்தின் பெரும்பகுதி, சுரங்கம் தோண்டுவதற்குப் பல வருசங்களுக்கு முன்னர், தேடுகிற கட்டத்திலேயே எடுக்கப்பட்டு விடுகிறது. அதனால் ‘உங்களுக்குச் சம்மதமா?’ என்ற கேள்வியும் முதல் துளை விழுவதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இடம்

ரொறன்ரோவிலிருந்து வடமேற்காக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போகவேணும். தண்டர் பேயிலிருந்து வடகிழக்கே 500 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பக்கத்தில் மக்ஃபோல்ட்ஸ் ஏரி. வருசம் முழுக்கப் போய்வரக்கூடிய வீதி இல்லை. விமானத்தில் போகலாம், அருகிலுள்ள ஊர்களுக்கு மாரிக்காலத்தில் உறைந்த சதுப்புக்கும் ஆற்றுக்கும் மேலால் போடுகிற பனிவீதி இருக்கு. காலநிலை சூடாகச் சூடாக அந்தப் பனிவீதி நிற்கிற நாட்களும் குறைந்துகொண்டு வருகுது.

இது அனிஷினாபே, கிறீ மக்களின் நிலம். வெபெக்வி, மார்ட்டன் ஃபோல்ஸ், நெஸ்கன்டாகா, அற்றவாபிஸ்கட் என்று பல முதல்குடி ஊர்கள் இங்குள்ள ஆறுகளின் கரையோரம் இருக்கின்றன. 1905–1906 இல் கையெழுத்தாகி, 1929–1930 இல் வடக்கு நோக்கி விரிக்கப்பட்ட ஒன்பதாம் ஒப்பந்தத்தின் எல்லைக்குள் இந்த நிலம் வருகிறது.

பெயரைப் பார்த்து எரிமலை புகையுது எண்டு நினைக்க வேண்டாம். அங்கே தேடிய நொரொன்ட் நிறுவனத்தை நிறுவிய ரிச்சர்ட் நெமிஸ், பாடகர் ஜோனி காஷின் ரசிகர். படிவுகள் பிறை மாதிரி வளைந்து கிடப்பதைப் பார்த்து அவருடைய பாட்டின் பெயரை வைத்துவிட்டார். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனத்திடம் பெயர் இருந்ததா எண்டு கேட்கவில்லை. இதைச் சின்ன விசயம் எண்டு விடலாம். ஆனால் பெயர் வைக்கிறவர்தான் பிறகு வரைபடமும் கீறுகிறார்.

கல் எப்படி உலோகம் பிடித்தது

இப்ப எரிமலை இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. ஏறத்தாழ 270 கோடி வருசங்களுக்கு முதல். டைனோசர்களின் காலத்தை விடப் பத்து மடங்குக்கும் மேல் பழசு. அப்போது பூமியின் உட்புறம் இண்டைக்கு இருப்பதைவிடச் சூடு. ஆழத்திலிருந்து 1,600 பாகை செல்சியஸ் அளவு சூட்டில், தண்ணி மாதிரி ஓடுகிற ஒரு கற்குழம்பு மேலே வந்தது. அது இறுகி உண்டான கல்லுக்குக் கோமற்றியைற் என்று பெயர். தென்னாபிரிக்காவின் கோமற்றி ஆற்றங்கரையில் முதலில் அடையாளம் கண்டதால் வந்த பெயர். அவ்வளவு சூடான எரிமலைக்குழம்பு இப்ப பூமியில் எங்கேயும் வழிவதில்லை.

இந்தக் குழம்பில் நிக்கல் நிறைய இருக்கும். ஆனால் எல்லா இடமும் பரவிக் கரைந்திருந்தால் அதைச் சுரங்கமாகத் தோண்ட முடியாது. ஒரு இடத்தில் சேரவேணும். சேர்த்து வைத்தது கந்தகம்.

நடந்தது இதுதான். கொதிக்கிற குழம்பு மேலே வருகிற வழியில் சுற்றியிருந்த கற்களை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் கற்களில் கந்தகமும் இருந்தது. குழம்பால் ஒரு அளவுக்கு மேல் கந்தகத்தைக் கரைத்து வைத்திருக்க ஏலாது. மிஞ்சினது இரும்போடு சேர்ந்து தனித் துளிகளாகப் பிரிந்தது. வீட்டில் கறிக்குழம்பு வற்றும்போது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்தானே? அதே மாதிரிப் பிரிவுதான். வித்தியாசம், இங்கே பிரிந்தது கனமானது. அடியில் போய்த் தங்கியது. நிக்கல், செப்பு, பிளாற்றினம், பலேடியம் எல்லாவற்றுக்கும் கல்லை விடக் கந்தகத்துளியில் தான் பிரியம். துளி போகிற வழியில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டு அடியில் படிந்தது.

இப்படிப் படிந்ததுதான் ‘ஈகிள்ஸ் நெஸ்ட்’ என்கிற நிக்கல் படிவு. முதலில் கிடையாகக் கிடந்த ஒரு குழம்பு வாய்க்கால் அது. பிறகு வந்த மலைமடிப்பில் முழு நிலமும் சரிந்து, இப்போது கத்தியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தது போல ஒரு கிலோமீற்றருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்குகிறது. அதே குழம்பு வேறு இடங்களில் குரோமைற் என்ற கறுப்புக் கனிமத்தைத் தடித்த படைகளாக விட்டுச் சென்றிருக்கு: பிளாக் தோர், பிக் டாடி, பிளாக்பேர்ட் என்று அவற்றுக்கும் பெயர் வைத்தாயிற்று. குரோமைற்றிலிருந்து வருவது குரோமியம், துருப்பிடிக்காத உருக்குக்கு வேண்டியது.

இதே எரிமலைக்கல் பட்டியில் செப்பும் நாகமும் கொண்ட இன்னொரு வகைப் படிவும் இருக்கு. கடலுக்கு அடியில் எரிமலை இருந்த காலத்தில், கடல்நீர் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிச் சூடாகி, கல்லிலிருந்த உலோகத்தைக் கரைத்து, திரும்பக் கடல்தரையில் கறுத்த புகை மாதிரிப் பீறிட்டு வந்து குளிர்ந்து படிந்தது. அங்கேயும் உலோகத்தைப் பிடித்து வைத்தது கந்தகம். இந்தச் சொல்லை மறக்க வேண்டாம். பிறகு திரும்பவும் வரும்.

எப்படித் தேடினார்கள்

இந்தக் கல்லைக் கண்ணால் காண ஏலாது. மேலே பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண். அதற்கு மேல் பாசி செத்துச் செத்துச் சேர்ந்த கறுத்த சதுப்புப்படை; ‘பீட்’ எண்டு சொல்லுவினம். பல இடங்களில் இரண்டு மூன்று மீற்றர் தடிப்பு.

முதலில் தேடி வந்தவர்கள் நிக்கலைத் தேடி வரவில்லை. வைரம் தேடி வந்தவர்கள். டி பியர்ஸ் வைரக் கம்பனியோடு சேர்ந்த கூட்டுத் தேடலில், 2002 இல் மக்ஃபோல்ட்ஸ் ஏரியருகே துளையிட்டபோது வைரம் கொண்ட கல்லுக்குப் பதிலாகச் செப்பும் நாகமும் வந்தது. சின்னக் கம்பனிகள் ஓடி வந்தன. விமானத்தில் காந்தமானியையும் மின்காந்தக் கருவியையும் கட்டித் தொங்கவிட்டுக் கோடு கோடாகப் பறந்து வரைபடம் எடுப்பார்கள். கந்தகச் சேர்வை மின்சாரத்தை நல்லாகக் கடத்தும், அதனால் வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியில் வைர முனை பூட்டிய குழாயால் துளைத்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து, பெட்டியில் அடுக்கி, அறுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். 2007 இல் நொரொன்ட் இப்படித்தான் ஈகிள்ஸ் நெஸ்ட்டைக் கண்டது. அதற்குப் பிறகு கிளெய்ம் போடுவதில் ஒரே தள்ளுமுள்ளு.

கேட்கிறதுக்கு அறிவியல் வேலை மாதிரி இருக்கு. அறிவியல் வேலைதான். ஆனால் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு முகாம், எரிபொருள் பீப்பாய்கள், ஹெலிகொப்டர், வெட்டிய மரங்கள் இருக்கு. 2010 இல் மார்ட்டன் ஃபோல்ஸ், வெபெக்வி மக்கள் அங்கே உறைந்த ஏரிகளில் இருந்த விமான ஓடுபாதைகளை மறித்தார்கள். அப்போது ஒரு சுரங்கமும் இல்லை. தேடலே அவர்களுக்குப் பிரச்சினையாகி விட்டிருந்தது.

ஐம்பது டொலர்

சட்டத்துக்கு வருவம். ஒன்ராறியோவில் 2018 இலிருந்து கிளெய்ம் போட நிலத்துக்குப் போய்க் கட்டை நட வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரம் இருந்தால், கணினியில் வரைபடத்தைத் திறந்து, ஏறத்தாழ 20 ஹெக்டேயர் அளவான ஒரு கட்டத்தைச் சொடுக்கி, 50 டொலர் கட்டினால் அங்குள்ள கனிமத்தைத் தேடும் உரிமை உங்களுடையது. ஸ்காபரோவில் ஒரு ரிம் ஹோட்டன்சில் இருந்துகொண்டே செய்யலாம். அந்த நிலத்தில் பொறி வைத்து வேட்டையாடுகிற குடும்பத்திடம் கிளெய்ம் போடுவதற்கு முன்னர் கேட்க வேண்டியதில்லை.

பிறகு என்ன? கிளெய்மை வைத்திருக்க வேணும் எண்டால் ஒவ்வொரு வருசமும் அதில் குறித்த அளவு பணத்துக்கு வேலை செய்து காட்டவேணும். கவனியுங்கோ: சும்மா விட்டால் உரிமை போய்விடும். அதாவது துளைத்துக்கொண்டே இருக்கும்படி சட்டமே தள்ளுகிறது. துளையிட அனுமதி வேணும், அதற்கு முன் முதல்குடிகளுக்கு அறிவித்தல் போகும், கலந்தாலோசனை நடக்கும். ஆனால் அறிவிக்கிறதும் சம்மதம் கேட்கிறதும் ஒண்டில்லை. ஐக்கிய நாடுகள் 2007 இல் ஏற்றுக்கொண்ட பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம், முற்கூட்டிய, சுதந்திரமான, தகவலறிந்த சம்மதம் பற்றிப் பேசுகிறது. கனடா 2021 இல் அதை மதிப்பதாகச் சட்டம் இயற்றியது. ஒன்ராறியோ மாகாணம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றவில்லை.

சம்மதம் இல்லை எண்டு சொன்னால் என்ன நடக்கும்? 2008 ஐ நினைவுபடுத்துகிறேன். பிக் ட்ரவுட் ஏரிக்கரையிலுள்ள கிச்செனுமேகூசிப் இனினுவக், சுருக்கமாகக் கே.ஐ. என்ற ஊர். பிளாற்றினெக்ஸ் என்ற சின்னக் கம்பனி பிளாற்றினம் தேடித் துளையிட வந்தது. ஊர் மறுத்தது. கம்பனி வழக்குப் போட்டது. நீதிமன்றக் கட்டளையை மீறினார்கள் என்று தலைவர் டொனி மொரிசையும் சபை உறுப்பினர்களையும் சேர்த்து ஆறு பேருக்கு ஆறு மாதச் சிறை. மேன்முறையீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வெளியே வந்தார்கள். அடுத்த வருசம் மாகாண அரசு 50 இலட்சம் டொலர் கொடுத்துக் கம்பனியை வெளியேற்றியது. திரும்பச் சொல்லுறன்: சுரங்கத்தைத் தடுத்ததற்காக அந்த ஆறு பேரும் சிறை போகவில்லை. சில துளைகளைத் தடுத்ததற்காகப் போனார்கள். தேடல் எண்டது ‘சும்மா பார்க்கிறது’ என்றால் அரசுக்கு இவ்வளவு கோபம் ஏன் வந்தது?

ஒன்பதாம் ஒப்பந்தத்தின் எழுத்தைப் பார்த்தால், அரசு வேண்டிய நிலத்தைக் குடியேற்றத்துக்கும் சுரங்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கு. ஆனால் அன்று போன மூன்று ஆணையாளர்களில் ஒருவரான மக்மார்ட்டின் எழுதிய நாட்குறிப்பு குயின்ஸ் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் இருக்கு. மக்களுக்கு வாயால் கொடுத்த வாக்கு அதில் பதிவாகியிருக்கு: முன்னர் போலவே எங்கும் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்று. வாய்வாக்கு ஒன்று, எழுத்து இன்னொன்று. ஒப்பந்தங்கள் கிழிக்கப்பட்ட வரலாற்றை அறிந்த எங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

அறுபது பில்லியன் எண்ட கதை

அரசியல்வாதிகள் ‘அறுபது பில்லியன் டொலர் பெறுமதி’ என்று சொல்லுவினம். இந்த எண்ணை எப்படி வாசிக்கிறது எண்டு செயற்பாட்டாளர்கள் கட்டாயம் படிக்கவேணும்.

சுரங்க அறிக்கையில் இரண்டு சொற்கள் வரும்: கனிம வளம், கனிம இருப்பு. வளம் என்றால் துளைகளை வைத்து ‘இவ்வளவு இருக்கலாம்’ என்று கணித்தது. அதிலேயே ஊகித்தது, சுட்டியது, அளந்தது என்று மூன்று படி. துளைகள் நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும். இருப்பு என்றால் தோண்டும் செலவு, வீதி, மின்சாரம், சந்தை விலை எல்லாம் கழித்த பிறகும் இலாபமாக எடுக்கலாம் என்று கணக்குக் காட்டியது. ஈகிள்ஸ் நெஸ்ட்டின் இருப்பு என்று 2012 இல் காட்டப்பட்டது 11.1 மில்லியன் தொன் கல், அதில் 1.68 வீதம் நிக்கல், 0.87 வீதம் செப்பு. நிக்கலைப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1,86,000 தொன். நிலத்துக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அன்றைய சந்தை விலையால் பெருக்குவது பெறுமதி ஆகாது. கடலில் இருக்கிற மீன் முழுவதையும் எண்ணி விலை சொல்லுகிற மாதிரி.

இந்த அறிக்கை விதிகள் வந்த கதையும் ரொறன்ரோக் கதைதான். 1997 இல் பிரே-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம், இந்தோனேசியாவில் பெருந்தங்கம் கண்டதாகச் சொன்னது பொய் என்று அம்பலமானது. கல் மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். ரொறன்ரோப் பங்குச்சந்தையில் கோடிக்கணக்கில் பணம் ஆவியானது. அதற்குப் பிறகுதான் தகுதிபெற்ற நிபுணர் கையெழுத்திட்ட தொழில்நுட்ப அறிக்கை கட்டாயமானது. அந்த அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாசியுங்கோ. பிரசார வீடியோவில் இல்லாத கதையெல்லாம் அதில் இருக்கும்.

இன்னுமொன்று. சின்னத் தேடல் கம்பனிகள் பெரும்பாலும் ஒரு தொன் உலோகமும் விற்பதில்லை. அவை விற்பது பங்கு, அதாவது எதிர்பார்ப்பு. கனடாவில் தேடல் செலவைப் பங்கு வாங்குகிறவருக்கு வரிக்கழிவாகக் கடத்திவிடும் ஏற்பாடு இருக்கு. அதற்கு மேல், முக்கிய கனிமம் எண்டால் 30 வீத வரிச்சலுகை. வருமானம் கூடினவருக்கு வரி மிச்சம். அந்தத் துளைக்குப் பொதுப்பணமும் போகுது. அப்படியெண்டால் கேள்வி கேட்கிற உரிமையும் எங்களுக்கு இருக்கு.

அந்த எதிர்பார்ப்பு எப்படி ஊதிச் சுருங்கும் எண்டும் பாருங்கோ. அமெரிக்காவின் கிளிவ்ஸ் நிறுவனம் குரோமைற்றுக்காக வந்து, பெரும் பணம் செலவழித்து, 2013 இல் நிறுத்திவிட்டுப் போனது. பிறகு தன் பங்கைச் சில கோடி டொலருக்கு நொரொன்ட்டுக்கு விற்றது. 2022 இல் பி.எச்.பி.யோடு போட்டியிட்டு, ஆஸ்திரேலியக் கோடீஸ்வரர் அன்ட்ரூ ஃபொரெஸ்டின் வைலூ நிறுவனம் நொரொன்ட்டை 600 மில்லியன் கனடிய டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. இண்டைக்கு வரைக்கும் ஒரு தொன் தாதுகூட விற்பனைக்கு வெளியே போகவில்லை. ஆனால் அந்த நிலம் எத்தனை தரம் கை மாறிவிட்டது!

கந்தகம் திரும்பி வருகிறது

கந்தகத்தை மறக்க வேண்டாம் எண்டு சொன்னேன். 270 கோடி வருசம் காற்றுப் படாமல் கல்லுக்குள் இருந்த கந்தகச் சேர்வையை வெளியே எடுத்துக் காற்றும் தண்ணியும் பட விட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் மற்ற உலோகங்களைக் கரைக்கும். இது உலகம் முழுக்கச் சுரங்கங்களின் பழைய வியாதி. அதைச் சுண்ணாம்பு போட்டுச் சமப்படுத்தினாலும் சல்பேற் தண்ணியில் மிஞ்சும்.

இந்த நிலத்தில் அது கூடுதல் ஆபத்து. சதுப்பில் ஏற்கனவே காற்றோடு வந்து படிந்த பாதரசம் இருக்கு. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழ்கிற ஒரு வகை பக்ரீரியா சல்பேற்றைத் தின்னும். தின்னும்போது பாதரசத்தை மெதைல் பாதரசமாக மாற்றும். அது மீனுக்குள் ஏறும், மீனிலிருந்து மனிசருக்குள் ஏறும், கருவிலிருக்கும் பிள்ளையின் மூளைக்கும் போகும். கிராஸி நரோஸ் ஊரை அறிவீங்கள். அங்கே 1962 முதல் 1970 வரை ஒரு காகித ஆலை ஆற்றில் கொட்டியது ஏறத்தாழ 9 தொன் பாதரசம். அது சுரங்கம் இல்லை, உண்மை. ஆனால் 2024 இல் வெஸ்டேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அறிக்கை சொன்னதைக் கவனியுங்கோ: இப்பவும் ஆலையிலிருந்து போகிற கழிவுநீரின் சல்பேற்றும் சேதனப் பொருளும் அந்தப் பழைய பாதரசத்தை மேலும் நஞ்சாக்கிக்கொண்டிருக்கு. புதிதாகப் பாதரசம் கொட்டத் தேவையில்லை, கந்தகம் போதும்.

வைலூ என்ன சொல்லுது? இது நிலத்தடிச் சுரங்கம், மேலே சின்ன இடம்தான், கழிவை நிலத்துக்கு அடியிலேயே திரும்ப நிரப்புவம் எண்டு. நல்லது, அந்தப் பதிலை நேர்மையாக எடுத்துக்கொள்ளுவம். ஒரு சுரங்கம் தனியாக எண்டால் அது வாதிக்கக்கூடிய பதில். ஆனால் ஒரு சுரங்கத்துக்கு மட்டும் யாரும் சதுப்புக்கு மேலால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வீதி போடமாட்டார்கள். வீதி வந்தால் குரோமைற் வரும், செப்பு வரும், சுற்றியுள்ள கிளெய்ம்கள் எல்லாம் ஒரே இரவில் விலை ஏறும். வீதிக்காகத் தண்ணி ஓடுகிற வழியை மறித்தால் ஒரு பக்கம் சதுப்பு காயும், மறுபக்கம் மூழ்கும். ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலத்தின் பாசிச்சேற்றில் பூட்டிக் கிடப்பது ஏறத்தாழ 30 பில்லியன் தொன் கரிமம். பனியாறு உருகிக் கடலும் விலகிய பிறகு ஆயிரமாயிரம் வருசமாகச் சேர்ந்தது. காய்ந்தால் அது காற்றுக்குப் போகும். காலநிலையைக் காப்பாற்ற எண்டு நிக்கல் எடுக்கப் போய், காலநிலையின் களஞ்சியத்தையே திறந்து விடுகிற கதையாகப் போகலாம்.

பற்றரிக்கு வேண்டாமா?

எங்களுக்குள்ளேயே வருகிற கேள்வி இது. பெற்றோல் வேண்டாம் எண்டால் பற்றரி வேணும், பற்றரிக்கு நிக்கல் வேணும், எங்கேயாவது தோண்டத்தானே வேணும்? நியாயமான கேள்வி. மூன்று விசயம் சொல்லுறன்.

முதலாவது, இங்குள்ள பெரிய படிவுகள் குரோமைற். அது பற்றரிக்குப் போறதில்லை. இரண்டாவது, இரும்பு–பொஸ்பேற் பற்றரியில் நிக்கலே இல்லை, அந்த வகை வேகமாகப் பரவி வருகுது. மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவைப் பாருங்கோ. அதே கோமற்றியைற் கல், அதே வகை நிக்கல், 1966 இலேயே கண்டுபிடித்த இடம். வீதி, மின்சாரம், தொழிலாளர் எல்லாம் தயார். அங்கே இருந்த தன் நிக்கல் சுரங்கங்களை 2024 இல் நிறுத்தியது யார் தெரியுமா? அதே வைலூ. இந்தோனேசிய நிக்கல் சந்தையை நிரப்பி விலை விழுந்ததுதான் காரணம். உலகத்துக்கு அவசரத் தேவை எண்டது காரணமாக இருந்தால் திறந்திருக்கிற சுரங்கத்தை மூடியிருக்க மாட்டார்கள். தோண்டுறதா மூடுறதா எண்டு தீர்மானிக்கிறது விலை. அவசரம் எண்டு சொல்லி நெருக்குவது மட்டும் முதல்குடிகளை.

நிலத்தோடு வாழ்கிற மக்களுக்கு அவசரம் வேறு. நெஸ்கன்டாகாவில் 1995 இலிருந்து குழாய்த்தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்க ஏலாது. இங்குள்ள உங்களில் பலர் அதற்குப் பிறகுதான் பிறந்தனீங்கள். 2020 இல் தண்ணி முற்றாக நின்று ஊரே தண்டர் பேய்க்கு இடம்பெயர்ந்தது. அற்றவாபிஸ்கட்டுக்கு மேற்கே 90 கிலோமீற்றரில் விக்ரர் வைரச்சுரங்கம் 2008 இல் திறந்தது. 2011 இல் அந்த ஊர் வீடில்லாமல் அவசரநிலை அறிவித்தது, செஞ்சிலுவைச் சங்கம் வரவேண்டி வந்தது. 2019 இல் வைரம் முடிந்தது, சுரங்கம் மூடியது. பக்கத்தில் சுரங்கம் வந்தால் ஊர் செழிக்கும் எண்டு சொல்லுகிறவர்கள் இந்தத் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும்.

‘அபிவிருத்தி செய்யப்படாத’

நிபுணர் அறிக்கைகளில் இப்படியான இடத்துக்கு ‘அபிவிருத்தி செய்யப்படாத படிவு’ எண்டு பெயர். அந்தச் சொல்லில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கு: அது காத்துக்கொண்டிருக்கிறது, ஆகவேண்டியது இன்னும் ஆகவில்லை எண்டு. அபிவிருத்தி எண்ட சொல்லை எங்கட சனம் கல்லோயாவிலும் மகாவலியிலும் கேட்டது. வெறும் நிலம் எண்டு சொல்லப்பட்ட நிலத்துக்கு என்ன நடந்தது எண்டும் தெரியும். மன்னார்த் தீவில் இல்மனைற் மணலுக்காக ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பதிந்த ஒரு நிறுவனம் துளையிட்டுத் தேடியது. அங்கே மக்கள் மண் பரிசோதனைக் கட்டத்திலேயே எதிர்த்து நின்றார்கள். அந்த மணலும் இந்தக் கல்லும் வேறு வேறு. எங்கட வரலாறும் முதல்குடிகளின் வரலாறும் ஒன்றல்ல. இந்த மாகாணத்தில் நாங்கள் குடியேறிகள், வீட்டுக்காரர் அவர்கள். ஆனால் மன்னாருக்கு ‘முதல் கேட்டுவிட்டுத் துளையுங்கோ’ எண்டு சொல்லுகிற வாய், மக்ஃபோல்ட்ஸ் ஏரிக்கும் அதைச் சொல்லவேணும்.

இப்ப என்ன செய்யலாம்

2018 இல் தேர்தலுக்கு முன், தேவைப்பட்டால் தானே புல்டோசரில் ஏறி வீதி வெட்டுவேன் எண்டு சொன்னவர் டக் ஃபோர்ட். 2025 ஜூனில் அவருடைய அரசு ஐந்தாம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒரு பகுதியை ‘சிறப்புப் பொருளாதார வலயம்’ எண்டு அறிவித்து, அங்கே மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். அதே மாதம் ஒட்டாவாவும் பெருந்திட்டங்களை வேகப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. ஜூலையில் ஒன்பது முதல்குடிகள் இரண்டு சட்டங்களையும் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல்குடிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. வெபெக்வியும் மார்ட்டன் ஃபோல்சும் வீதித் திட்டங்களின் சுற்றாடல் மதிப்பீட்டைத் தாங்களே முன்னெடுக்கிறார்கள். விமானத்தில் வருகிற பால், மரக்கறியின் விலையைப் பார்த்தால் ஏன் வீதி வேணும் எண்டு விளங்கும். நெஸ்கன்டாகாவும் அற்றவாபிஸ்கட்டும் கடுமையாக எதிர்க்கின்றன. ரொறன்ரோவில் இருந்து இதில் ‘சரியான’ முதல்குடி எது எண்டு தெரிவு செய்கிற வேலை எங்களுடையது இல்லை. எங்கட வேலை, எந்த ஊரும் நல்ல தண்ணியா சுரங்கமா எண்டு பேரம் பேசவேண்டிய நிலையில் இருக்கக்கூடாது எண்டு அரசை நெருக்குவது. தண்ணியும் வீடும் வைத்தியமும் உரிமை. அதைச் சுரங்கத்தோடு சேர்த்துக் கட்டி விற்கக்கூடாது.

செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று: உங்கட மாகாண சபை உறுப்பினரைச் சந்தியுங்கோ. தமிழர் வாக்கு முக்கியமான தொகுதிகள் எங்களுக்கு இருக்கு. கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: நிலத்துக்குரிய மக்களின் சம்மதம் இல்லாமல் கிளெய்ம் போடுவதை நிறுத்தும்படி சுரங்கச் சட்டத்தைத் திருத்த ஆதரவளிப்பீர்களா?

இரண்டு: பணத்தைப் பின்தொடருங்கோ. உலகத்தின் பெரும்பாலான சுரங்கக் கம்பனிகள் பணம் திரட்டுகிற நகரங்களில் ரொறன்ரோ முதன்மையானது. ஒவ்வொரு வருசமும் மார்ச்சில் தேடல்காரரின் மாநாடு இங்கேதான் நடக்குது. உங்கட தொழிற்சங்கத்தின், பல்கலைக்கழகத்தின் ஓய்வூதிய நிதி எங்கே முதலிடுது எண்டு கேளுங்கோ.

மூன்று: பிராந்திய மதிப்பீட்டைக் கவனியுங்கோ. 2020 இல் மத்திய அரசு தொடங்கி, 2025 ஜனவரியில் 15 முதல்குடிகளோடு சேர்ந்து அதற்கான வரையறையை முடிவு செய்தது. ஒரு சுரங்கம் ஒரு வீதி எண்டு துண்டு துண்டாகப் பார்க்காமல் முழு நிலத்தையும் சேர்த்துப் பார்க்கிற வழி அது. அது முடியும் வரை புதுத் துளை, புது வீதி வேண்டாம் எண்டு கேட்பது தீவிரமான கோரிக்கை இல்லை. சாதாரணப் பொதுப்புத்தி.

நான்கு: இதைத் தமிழில் கதையுங்கோ. அம்மா அப்பாவோட, கோயில் மண்டபத்தில, வானொலியில. ‘கனடா பெரிய நாடு, அங்கே யாரும் இல்லை’ எண்டு அவர்கள் சொன்னால், அங்கே யார் இருக்கினம் எண்டு ஊர்களின் பெயரைச் சொல்லுங்கோ.

ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும்: ‘இன்னும் ஒரு சுரங்கமும் இல்லையே, இப்பவே ஏன் கத்துறீங்கள்?’ சுரங்கம் வந்த பிறகு எங்களிடம் கேட்கப்போவது எவ்வளவு இழப்பீடு, எத்தனை வேலை, கழிவுக்குளம் எவ்வளவு ஆழம் எண்டுதான். வேண்டாம் எண்டு சொல்லக்கூடிய இடம் இப்போது இருக்கிற இந்த இடம் மட்டும்தான். அந்த நிக்கல் 270 கோடி வருசம் இருந்தது. இன்னும் கொஞ்சக்காலம் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இனிக் கேள்விகளுக்குப் போவம்.